வெத்துச் சீட்டும் மிஞ்சிய புளியங்கொட்டையும்

மாலை மரியாதைகளை மறுத்துவிட்டு, மரநாற்காலியில் மலைபோல் அமர்ந்து இக்கூட்டத்தை நடத்தும் நெசவாளர் சங்கத் தலைவர் திரு. தணிகாசலம் அவர்களே! தறிக்குழியில் கால் வைத்து நாட்டுக்கே மானம் நெய்து தரும் தோழர்களே! படித் திருவிழாவுக்குப் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் கனகம்மாசத்திரத்திலிருந்தும் பஸ்ஸிலும் வண்டியிலும் வந்திறங்கி, மலைக்குப் போய்வந்த களைப்போடு இந்தப் பந்தலுக்குள் நுழைந்திருக்கும் பெரியோர்களே! நெற்றியில் மஞ்சளும் கையில் குங்குமமுமாக முன்வரிசையை முற்றுகையிட்டிருக்கும் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களின் நடுவே, என்னை நிமிர்ந்து பார்க்காமல் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் கௌரியம்மாள் அவர்களே! பக்கத்தில் வெற்றிலை மென்றபடி என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆர்.கே.பேட்டை ரத்தினம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கு வாத்தியார் கஜபதியின் கைகூப்பிய வணக்கம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, ‘கணக்கும் வாழ்க்கையும்’. தலைப்பைக் கேட்டதும் கடைசி வரிசையில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனதைப் பார்த்தேன். அவர்கள் என்னிடம் படித்தவர்கள், அதனால் கோபமில்லை. மற்றவர்கள் பயப்பட வேண்டாம், வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்ல மாட்டேன். இன்று நான் கணக்குச் சொல்ல வந்தவன்போல் நிற்கிறேன். உண்மையில் ஒரு சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன்.

அது என்ன சொல் என்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. நம் தணிகை மலைக்கு எத்தனை படி?

ஆங், முந்நூற்று அறுபத்தைந்து. குழந்தையும் சொல்லும். சரி, முந்நூற்று அறுபத்தாறு பேர் ஒரே நேரத்தில் படியில் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தப் படியிலாவது இரண்டு பேர் சேர்ந்து நின்றுதானே ஆக வேண்டும்? அதற்குச் சோதிடம் வேண்டுமா? சோழி உருட்ட வேண்டுமா? சாமி வந்து சொல்ல வேண்டுமா? வேண்டாம். விரல் விட்டு எண்ணத் தெரிந்தால் போதும். எந்தப் படி என்று கேட்டால் எனக்குத் தெரியாது. எந்த இருவர் என்று கேட்டால் அதுவும் தெரியாது. ஆனால் யாராவது இருவர், ஏதாவது ஒரு படி, இது சத்தியம். ‘யாராவது’ என்பது நிச்சயம், ‘யார்’ என்பது தற்செயல். இந்த இரண்டுக்கும் இருக்கிற வித்தியாசத்தை மட்டும் முந்தானையில் முடிந்துகொள்ளுங்கள், இன்றைய பேச்சில் பாதி முடிந்துவிட்டது.

இன்னொன்று. மழை பெய்தால் மலைப்படி நனையும். உண்மையா? உண்மை. இன்று காலை படியெல்லாம் நனைந்திருந்ததே, மழையா பெய்தது?

இல்லை என்கிறீர்கள். தாய்மார்கள் படிக்குப் படி நீர் தெளித்து, மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றினார்கள், அதனால் நனைந்தது. ஆகவே மழை பெய்தால் படி நனையும் என்பதை வைத்துக்கொண்டு, படி நனைந்திருக்கிறது, அதனால் மழை பெய்திருக்கிறது என்று சொன்னால் அது தப்பு. முன்னால் போகிற வண்டியைப் பின்னால் ஓட்டினால் குடை சாயும். நியாயத்துக்கும் அப்படித்தான். இதைச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுகிறீர்கள். ஆனால் இந்த ஊரே சேர்ந்து, மாதக்கணக்கில் அந்த வண்டியைப் பின்னால் ஓட்டினோம். முதலில் ஓட்டியவன் நான்.

யுத்தம் முடிந்து வருஷம் ஒன்றாகியும் நூல் பஞ்சம் முடியவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நம் சங்கத்தில் தறி வீடு நூற்று இருபத்தெட்டு. மாதா மாதம் வருகிற நூலோ அறுபத்து நான்கு வீட்டுக்குத்தான் காணும். பாதிப் பேருக்கு உண்டு, பாதிப் பேருக்கு இல்லை. சண்டை வேண்டாம், சீட்டுப் போடலாம் என்று தலைவர் முடிவு செய்தார். பித்தளைக் குடத்தில் நூற்று இருபத்தெட்டுச் சீட்டு. அறுபத்து நான்கில் ‘நூல்’ என்று எழுதியிருக்கும், மற்ற அறுபத்து நான்கு வெத்து. வீட்டுக்கு ஒருவர் வந்து கையை விட்டு எடுக்க வேண்டும். குடத்துக்குக் காவல் யார்? தறியில்லாத ஆள், தயவு தாட்சண்யம் இல்லாத ஆள் என்று தேடி, என்னை நிறுத்தினார்கள்.

முதல் மாதம், புருஷன் போனபின் தனியாகத் தறி நடத்தும் கௌரியம்மாளுக்கு வெத்து. இரண்டாம் மாதம் வெத்து. மூன்றாம் மாதம் வெத்து. நான்காம் மாதம் அந்த அம்மாள் சீட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் சும்மா இருக்கவில்லை. கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆசையில் சொன்னேன்: “என்னம்மா, நூல் சீட்டெல்லாம் உங்க ராசிக்குப் பயந்து குடத்தடியில ஒளிஞ்சிகினு இருக்குதா? உங்க பேரையே வெத்துச்சீட்டு கௌரின்னு எழுதிடலாமா?”

கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்த அம்மாளும் சிரித்தார்கள், வேறு என்ன செய்வார்கள்?

வில்லிலிருந்து விட்ட அம்பும் வாயிலிருந்து விட்ட வார்த்தையும் திரும்பாது என்று பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவன் நான். என் வார்த்தை கடைத்தெருவுக்குப் போயிற்று. கிணற்றடிக்குப் போயிற்று. ஐந்தாம் மாதம் வெத்து வந்ததும் அது பட்டமாயிற்று. ஆறாம் மாதம் வெத்து வந்ததும் அது சாஸ்திரமாயிற்று. ‘வெத்துச்சீட்டு வூட்ல காலங்காத்தால நெருப்பு வாங்காதே’ என்றார்கள். சொந்தத் தறி தூங்க, அடுத்த வீட்டுத் தறி நாடாவுக்கு நூல் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்த அந்த அம்மாளை, தறியில் புதுப் பாவு ஏற்றி நெசவு தொடங்குகிற அன்றைக்கு மட்டும் வர வேண்டாம் என்றார்கள்.

அதோடு நின்றிருந்தால்கூட நான் என் மனசாட்சியைத் தட்டித் தூங்க வைத்திருப்பேன். கௌரியம்மாளின் மகள் தமயந்தியை ஆர்.கே.பேட்டையில் மணவாளனுக்குப் பேசி வைத்திருந்தார்கள். மணவாளனின் தாயார்தான் இந்த ரத்தினம்மாள். பாக்கு வெற்றிலை மாற்ற நாள் குறித்தாயிற்று. இந்தப் பட்டம் பஸ் ஏறி ஆர்.கே.பேட்டை போய் இறங்கியது. நாள் தள்ளிப் போயிற்று. ‘ஆறு மாசமா சீட்டே வராத வூட்டுப் பொண்ணு வந்தா, நம்ம வூட்டுக்கு என்னா வரும்?’ என்று கேட்டார்களாம்.

இந்தச் சேதியை என் வீட்டில் சொன்னேன். என் மனைவி சுலோச்சனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். “வாத்தியார் வேலை வாயால பொழைக்கிற வேலைதான். அதுக்காக ஒரு பொம்பளைய ஊர் வாயில போட்டுட்டு வருவீங்களா?” என்றாள். எத்தனையோ அதிகாரிகள் வந்து என் வகுப்பைச் சோதித்திருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை அவர்களில் யாரும் கேட்டதில்லை.

அன்றுதான் தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். அவசரப்பட்டு வாயைத் திறந்தவன், இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் போட்டேன்!

கேளுங்கள் தோழர்களே. நூற்று இருபத்தெட்டு வீடு. முதல் சீட்டில் பாதிக்கு இல்லை, அறுபத்து நான்கு. அந்த அறுபத்து நான்கில் அடுத்த மாதம் ஏறத்தாழப் பாதிக்கு இல்லை, முப்பத்திரண்டு. அதில் பாதி பதினாறு. அதில் பாதி எட்டு. அதில் பாதி நான்கு. ஆறாவது மாதம் அதில் பாதி, இரண்டு. ஒன்றிரண்டு கூடலாம், குறையலாம். ஆனால் ஆறு மாதமும் நூல் கிடைக்காத வீடு இந்த ஊரில் இரண்டு இருக்கும் என்று, முதல் சீட்டு எடுப்பதற்கு முன்னாலேயே, ஒருவர் முகத்தையும் பார்க்காமல் நான் எழுதி வைத்திருக்கலாம். கௌரியம்மாளுக்கு வரவில்லை என்பதில் அதிசயம் இல்லை. யாருக்குமே அப்படி நேராமல் இருந்திருந்தால்தான் நான் குடத்தைச் சந்தேகித்திருக்க வேண்டும்.

இரண்டு வீடு என்றேனே, இன்னொரு வீடு எது? சங்கத்துப் பதிவைப் புரட்டினேன். நம்ம வேடியப்பன்! அவருக்கும் ஆறு மாதம் வெத்துதான்.

வேடியப்பன் எழுந்து நிற்க வேண்டாம், உட்காருங்கள். நான் கேட்பது ஊரை. இவரை யாராவது ராசி கெட்டவர் என்றீர்களா? இவர் எதிரே வந்தால் திரும்பிப் போனீர்களா? ‘பாவம், வேடியப்பனுக்கு இந்தத் தரமும் வரலியா’ என்று டீக்கடையில் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அதே குடம், அதே சீட்டு, அதே ஆறு வெத்து. மீசை இருந்தால் ‘பாவம்’, தாலி இல்லாவிட்டால் ‘பாவி’. இது எந்த ஊர் நியாயம்? ராசி கெட்டவருக்குச் சீட்டு வராது என்று ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொண்டாலும், சீட்டு வராததனால் ராசி கெட்டவர் என்று எப்படி ஆகும்? படி நனைந்ததனால் மழை பெய்ததா?

தாய்மார்கள் கை தட்டுகிறீர்கள். சந்தோஷம். ஆனால் அன்றைக்கு நீங்களும் சிரித்தவர்கள்தான், மறந்துவிடாதீர்கள்.

கணக்கு எனக்குப் புரிந்தது. ஆர்.கே.பேட்டைக்கு எப்படிப் புரியும்? தாளையும் பென்சிலையும் கொண்டு போனால் ரத்தினம்மாள் அதில் வடை மடித்துக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். தாயம் ஆடப் புளியங்கொட்டையை ஒரு பக்கம் தேய்த்து வெள்ளை ஆக்குவோமே, அது நினைவுக்கு வந்தது. நூற்று இருபத்தெட்டுக் கொட்டை எண்ணினேன். நானும் சுலோச்சனாவும் இரண்டு நாள் கருங்கல்லில் தேய்த்தோம். விரல் தோல் போயிற்று. கொட்டையை மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

ரத்தினம்மாள் என்னை உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். பிறகு பளிச்சென்று சொன்னார்கள்: “வாத்தியாரே, எனக்கு அந்தம்மா மேல கோவம் கெடையாது. பொண்ணு தங்கமான பொண்ணு. ஆனா ஆறு மாசம் ஒரு வூட்டுக்குச் சீட்டு வரலைன்னா அதுல ஏதோ கீது. இல்லாட்டி வருமா வராதா?”

“ஒரு முறம் குடுங்கம்மா” என்றேன்.

கொட்டையெல்லாம் முறத்தில் கொட்டினேன். வெள்ளை மேலே தெரிந்தால் நூல் வந்த வீடு, கறுப்பு தெரிந்தால் வெத்து. குலுக்கியது நானில்லை, அவர்களே. முதல் குலுக்கலில் வெள்ளையைப் பொறுக்கிப் போட்டுவிட்டு எண்ணினார்கள், அறுபத்தொன்று மிஞ்சியது. மறுபடி குலுக்க முப்பத்து மூன்று. பிறகு பதினைந்து. பிறகு எட்டு. பிறகு ஐந்து. ஆறாவது குலுக்கலில் மூன்று கொட்டை, ஆறு தரமும் கறுப்பாகவே விழுந்து, முறத்தின் மூலையில் கிடந்தன.

“கொட்டையில ஏதாச்சும் வேலை பண்ணிகினு வந்துட்டீங்களா?” என்றார்கள்.

இங்கேதான் அன்பர்களே, பி.ஏ. படித்த எனக்குத் தோன்றாத ஒன்று பள்ளிக்கூட வாசல் மிதிக்காத அந்த அம்மாளுக்குத் தோன்றியது. மிஞ்சிய மூன்று கொட்டையையும் எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் குங்குமப் பொட்டு வைத்தார்கள். “இதுங்கதானே ராசி கெட்டதுங்க? ராசி நெசம்னா இதுங்க மறுபடியும் கடைசி வரைக்கும் நிக்கணும். பார்த்துடுவோம்” என்று, மற்ற நூற்று இருபத்தைந்தோடு சேர்த்து மறுபடி குலுக்கினார்கள். பொட்டு வைத்த கொட்டையில் இரண்டு முதல் குலுக்கலிலேயே வெளியேறின. மூன்றாவது அடுத்த குலுக்கலில் போயிற்று. கடைசியில் மிஞ்சியது வேறு ஏதோ ஒன்று, பொட்டில்லாதது. எல்லாக் கொட்டையையும் சேர்த்து மூன்றாம் முறையும் தொடங்கினார்கள். ஆறு குலுக்கலுக்கு இரண்டு மிஞ்சின. “ஏழாவதும் பார்த்துடலாம்” என்று குலுக்கினார்கள். ஒன்று மிஞ்சியது.

அந்த ஒற்றைக் கொட்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்கள். அடுப்பில் பருப்பு பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

“இந்தக் கொட்டை என்னா பாவம் பண்ணிச்சு, வாத்தியாரே?” என்றார்கள்.

அந்தக் கேள்விக்கு ஊரே அல்லவா பதில் சொல்ல வேண்டும்? ரத்தினம்மாள் கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, “அடுத்த சீட்டுக்கு நான் வரேன்” என்று மட்டும் சொன்னார்கள். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. அன்று வரப்போகிற சீட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்களோ என்று பயந்தேன்.

ஏழாவது சீட்டு நாள். கூட்டம் இரண்டு கட்சி. எல்லப்பன் ஒரு கட்சிக்குத் தலைவர். “ஆறு தரம் வரலை, அதனால ஏழாவது தரம் வந்துதான் தீரணும்” என்பது அவர் வாதம். எல்லப்பன் எங்கே? அதோ, தூணுக்குப் பின்னால் ஒளிகிறார். மற்றக் கட்சி, “அந்த ராசிக்கு ஏழு என்ன, எழுபதும் வராது” என்றது. இரண்டு கட்சியும் தப்பு! சீட்டுக்குக் கண் உண்டா? காது உண்டா? போன மாதம் யார் கைக்குப் போனோம் என்ற நினைவு உண்டா? ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு, புதுக் குலுக்கல், வந்தாலும் வரலாம், வராவிட்டாலும் வராது. சரி பாதி. சீட்டுக்கு இரக்கமும் இல்லை, வன்மமும் இல்லை. இரண்டும் நம்மிடம்தான் இருக்கின்றன.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அன்று குடத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது ஒரு நூல் சீட்டை மட்டும் மூலை மடித்து மேலாக வைத்துவிட என் கை துடித்தது. யாருக்கும் தெரியாது. ஒரு கல்யாணம் நடந்துவிடும். ஆனால் வைத்திருந்தால், அந்தப் பெண்ணின் வாழ்வு ஒரு பொய்ச் சீட்டின் மேல் நின்றிருக்கும். சீட்டு வந்ததனால்தான் நல்லவள் என்று ஊர் சொல்லியிருக்கும், அதைவிட அவமானம் எது? கையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மலையைப் பார்த்து மனதுக்குள் கும்பிட்டேன், அதையும் மறைக்கவில்லை.

வேடியப்பன் எடுத்தார், நூல். கூட்டம் ஆரவாரம் செய்தது. கௌரியம்மாள் வந்தார்கள். கையை விட்டார்கள். எடுத்தார்கள். பிரித்தார்கள்.

வெத்து.

நூற்று இருபத்தெட்டு வீட்டில், ஏழு மாதமும் வெறுங்கையோடு போன ஒரே வீடு. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்போது பின்னாலிருந்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு ரத்தினம்மாள் வந்தார்கள். நேரே கௌரியம்மாளிடம் போனார்கள். முந்தானை முடிச்சை அவிழ்த்தார்கள். அந்தப் புளியங்கொட்டையை எடுத்துக் காட்டினார்கள்.

“யாருனா ஒருத்தர் மிஞ்சித்தான் ஆவணும் வதினா. இந்தத் தரம் நீங்க மிஞ்சிட்டீங்க, அவ்வளவுதான். மிஞ்சினது எங்க வூட்டுக்கு வரட்டும். தையில தேதி வச்சுக்கலாம்.”

வதினா என்றார்கள்! அதுவரைக்கும் ‘அந்தம்மா’. அண்ணி என்றாலும் வதினா என்றாலும் இந்த ஊரில் ஒரே உறவுதான். கௌரியம்மாள் ஏழு மாதமாக அழாதவர்கள், அன்று அழுதார்கள். நானும் அழுதேன், கண்ணாடியைத் துடைப்பதுபோல் துடைத்துக்கொண்டேன்.

நூல் சீட்டு வந்து அந்தக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தால் அது ராசியின் வெற்றி. வெத்துச் சீட்டு வந்தும் நிச்சயமாயிற்றே, அது அறிவின் வெற்றி! அதற்கு உரியவர் நானில்லை. முறத்தைக் கையில் எடுத்துச் சோதித்துப் பார்த்த அந்தத் தாய்.

எட்டாவது மாதம் என்ன ஆயிற்று என்று யாரோ கேட்கிறீர்கள். போன வாரம்தான் சீட்டு. கௌரியம்மாளுக்கு நூல் வந்தது. கை தட்டாதீர்கள், கை தட்டாதீர்கள்! ராசி திரும்பிவிட்டது என்று நீங்கள் கை தட்டினால், இவ்வளவு நேரம் நான் தொண்டை கிழியப் பேசியது வீண். போன வாரம் வந்ததும் சீட்டு, அதற்கு முன் வராததும் சீட்டு. கை தட்டத்தான் வேண்டுமென்றால், இரண்டு தரம் தொடர்ந்து வெத்து வாங்கிய வீட்டுக்கு மூன்றாம் தரம் சீட்டில்லாமலே நூல் என்று நேற்றுத் தீர்மானம் போட்டாரே தலைவர், அதற்குத் தட்டுங்கள். தற்செயலின் கையில் தராசைக் கொடுத்துவிட்டுத் தூங்குவது சங்கமல்ல, தராசைத் தன் கையில் வாங்குவதுதான் சங்கம்.

இப்போது வந்த வேலை. கௌரியம்மா, நாலு பேர் நடுவில் சொன்ன சொல்லை நாலாயிரம் பேர் நடுவில் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வெத்துச் சீட்டு என்பது ஒரு காகிதத்தின் பெயர். ஒரு மனுஷியின் பெயர் அல்ல. வேடிக்கைக்கு அதை உங்கள் பெயரோடு ஒட்டியவன் நான். என்னை மன்னிக்க வேண்டும். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னால்...

என்னம்மா? கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். மைக்கைக் கொஞ்சம் அந்தப் பக்கம் நீட்டுங்கள் ஐயா.

“அதெல்லாம் அன்னிக்கே ஆயிடுச்சு வாத்தியாரே. எட்டு மாசம் கழிச்சுப் பாவு ஏத்திட்டு வந்துகிறேன், தறி காத்துகினு இருக்குது. நீங்க பேச்ச முடிச்சீங்கன்னா நான் போயி பொண்ணுக்குக் கூரைப்புடவை நெய்வேன்.”

கேட்டீர்களா? சிரியுங்கள், இந்தத் தரம் தாராளமாகச் சிரியுங்கள், அவர்களே சிரிக்கிறார்கள். இதற்கு மேல் ஒரு நிமிஷம் பேசினாலும் அந்தப் புடவையில் ஒரு இழை குறையும். பொறுமையோடு கேட்ட பெருமக்களுக்கும், பந்தல் போட்ட தோழர்களுக்கும், விரல் தோல் போகக் கொட்டை தேய்த்த என் வீட்டம்மாளுக்கும் நன்றி. தை மாதம் கல்யாணத்தில் எல்லோரையும் பார்ப்பேன். கௌரியம்மாளுக்கு வழி விடுங்கள். வணக்கம்.